'டாக்ஸேஷன் ஆஃப் காஸ்ட்ஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

வழக்கில் ஒரு தரப்பு மறுதரப்புக்குத் தர வேண்டிய செலவுத்தொகையை மதிப்பிடுவதைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்குச் 'செலவு வரிவிதிப்பு' என்று நம் சட்டக் கலைச்சொல் பட்டியலில் ஏறியிருப்பதை எடுத்துவிட வேண்டுகிறேன். மும்பை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் (வழக்குகள் நேரடியாகத் தொடங்கும் பிரிவு) இந்த வேலைக்கு டாக்ஸிங் மாஸ்டர் என்றே ஓர் அதிகாரி உண்டு. போன மாதம் தாராவிப் பெரியவர் ஒருவர், பேரன் போனில் தமிழாக்கிக் கொடுத்த தாளோடு வந்து, "தம்பி, கேஸ்ல தோத்ததுக்கு கவர்மெண்டுக்கு வரியும் கட்டணுமா?" என்று கேட்டார். அவர் கட்ட வேண்டியது எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு. அதில் எது நியாயம், எது கூடுதல் என்று ஒவ்வொரு இனமாகப் பார்த்துத் தொகையை முடிவு செய்கிற வேலைக்குத்தான் இந்தப் பெயர். இங்கிலாந்திலேயே 1999இல் புதிய உரிமையியல் விதிகள் வந்தபோது 'டாக்ஸேஷன்' போய் 'அசெஸ்மென்ட்' வந்துவிட்டது.

இதற்கு மற்றவர்கள் சொன்ன சொற்களில் 'செலவுத் தீர்வை' எனக்குப் பிடித்திருந்தது. நிலத்தீர்வை என்கிறோமே, அதில் மதிப்பிடுவதும் வரியும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் மதிப்பிடுதல்தான். ஆனாலும் பெரியவர் காதில் அது வரியாகத்தான் விழும்.

'செலவறுதி'யை என்னால் ஏற்கவே முடியவில்லை. அறுதி என்றால் முடிந்துபோனது. இந்தத் தொகை அப்படிப்பட்டதல்ல. இங்கிலாந்தில் நீதிமன்ற அலுவலர் மதிப்பிட்டிருந்தால் வழக்குச் செலவுகளைத் தீர்மானிக்கும் செலவு நீதிபதியிடமோ மாவட்ட நீதிபதியிடமோ மேல்முறையீடு செய்யலாம். செலவு நீதிபதியே மதிப்பிட்டிருந்தால் உயர் நீதிமன்ற நீதிபதியிடம் போகலாம். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பொய் வழக்குக்காக 35ஏ பிரிவில் விதிக்கும் 3,000 ரூபாய் வரையிலான தொகைக்குக்கூட 104ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. டெல்லி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் விதித்த சுமார் 45 லட்சம் ரூபாய் செலவுத்தொகையை 2011இல் உச்ச நீதிமன்றம் விலக்கி, விதிகளின்படி கணக்கிடும் செலவே செல்லும் என்றது. 'அறுதி' என்று தாளில் படித்த சாதாரண மனிதர், அவ்வளவு தூரம் போக வழி இருப்பதாகவே நினைக்கமாட்டார்.

என் முன்மொழிவு: தகுசெலவு மதிப்பீடு. வெறும் 'செலவு மதிப்பீடு' என்றால் வீடு கட்டுமுன் மேஸ்திரி சொல்லும் தொகைதான் நினைவுக்கு வரும். 'தகு' அதைத் தடுக்கிறது. வருமான வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இங்கும் கைகொடுக்கும். அதிகாரியைத் தகுசெலவு அலுவலர் எனலாம். 'செலவுச் சீராய்வு' வேண்டாம், சீராய்வு மனுவோடு குழம்பும்.

பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். "தகுந்த செலவு எவ்வளவுன்னு பாக்குறாங்க. சரி, அதை எங்க போய் எதுத்துக் கேக்கணும்?" என்றார்.

இப்படி மதிப்பிட்டுத் தீர்மானித்த தொகையான 'டாக்ஸ்டு காஸ்ட்ஸ்' என்பதற்கு 'மதிப்பிட்ட தகுசெலவு' நீளமாக இருக்கிறது. யாராவது குறுக்கித் தாருங்கள்.