புதுப்பிப்பு: கர்ப்பத்திலேயே டி.என்.ஏ சோதனை கேட்டிருந்தேன், முடிவு இதுதான்

தக்கலையில் வாழும் என் தங்கச்சி கர்ப்பமாக இருந்தபோது, பிள்ளை யாருடையது என்று மாமி வீட்டில் சந்தேகம் கிளப்பினார்கள். வயிற்றில் இருக்கும்போதே டி.என்.ஏ பார்க்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ துணுக்குகள் கலந்திருக்கும். வெளிநாடுகளில் அதை வைத்தே தகப்பனைக் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவில் சோதனை என்பது மரபணுக் கோளாறு, பிறவிக் குறைபாடு போன்றவற்றுக்கு மட்டும்தான். நாகர்கோவிலில் கேட்ட டாக்டரும் அதையே சொன்னார்.

கைகொடுத்தது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்ன யோசனைதான். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். திருமண வாழ்வில் பிறக்கும் பிள்ளை கணவனுடையது என்றே சட்டம் கொள்ளும், நிரூபிக்கும் சுமை தங்கச்சி மேல் இல்லை என்று வக்கீல் விளக்கினார். அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அந்த நிலையில் அவளை அலைக்கழித்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிரசவத்துக்கு அப்புறம் மச்சானே சோதனைக்குச் சம்மதித்தார். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவினாலே போதும். எதிர்பாராத ஒன்று: பால் குடித்த உடனே எடுக்கக் கூடாது, தாயின் செல்கள் கலந்துவிடுமாம், காத்திருந்து எடுத்தோம். தகப்பன் மச்சான்தான் என்று வந்தது.

இந்த அறிக்கை வீட்டுக்கு மட்டும். கோர்ட்டுக்கு வேண்டுமென்றால், அடையாளம் சரிபார்த்து முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும்.