பலூன் உப்புனா எடை குறையுதே, கெமிஸ்ட்ரி தெரிஞ்ச அண்ணாச்சிமாரு கொஞ்சம் சொல்லுங்க

அண்ணாச்சி, அக்காமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டைல மக ஒம்பதாப்பு படிக்கா, லவாய்சியர் 1789-ல எழுதுன நிறை மாறா விதியை (வேதிவினைக்கு முன்னாடியும் பின்னாடியும் மொத்த நிறை ஒண்ணுதான்னு சொல்ற விதி) எக்ஸிபிஷன்ல செஞ்சு காட்டணுமாம். பாட்டில்ல வினிகர், வாயில மாட்டுன பலூனுக்குள்ள ஆப்பசோடா, நகைப்பட்டறைல கேட்டு வாங்கியாந்த எலக்ட்ரானிக் தராசு மேல வச்சு பலூன நிமித்திக் கொட்டுனா புஸ்ஸுன்னு நொரச்சு பலூன் நல்லாத்தான் உப்புது, ஆனா தராசு ஒரு கிராம் போல கம்மியா காட்டுது. லீக்லாம் கெடையாது, நூலு வச்சு இறுக்கி சோப்புத்தண்ணி தடவிப் பாத்தாச்சு. எனக்கென்னமோ பலூன் வெளிய தள்ளுற காத்துதான் காரணம்னு தோணுது, ஒரு லிட்டர் காத்து சுமாரா 1.2 கிராம் இருக்கும்லா, அந்த அளவுக்கு பலூன மேல தூக்குதோ? மூடி போட்டு இறுக்குனா வெடிச்சிரும், அது வேண்டாம்.

கேஸே வராம, சுண்ணாம்புத் தெளிவுல சலவைச்சோடா கரைசல ஊத்துனா வெள்ளையா படியுமே, அத வச்சுக் காட்டுனா பாக்குறவங்களுக்குப் புரியுமா? செஞ்சவிய அளவு சொல்லுங்க.

இன்னொண்ணு, 12 கிராம் கார்பனுக்கு 16 கிராம் ஆக்சிஜன்னா மோனாக்சைடு, 32-ன்னா டை ஆக்சைடு, இந்த 1:2 எப்படி டால்டன் சொன்ன அணுவுக்குச் சாட்சின்னு கேட்டு உசுர வாங்குதா. சின்னப்புள்ளைக்குப் புரியுற மாதிரி யாராச்சும் வாய்ஸ் நோட் போட்டாலும் சரி.