இறுதியாண்டு மருத்துவத் தேர்வு: வாரியக் கூட்டத்துக்கு முடிவுகளை எப்படித் தயார் செய்வது?

செங்காங் மலர்

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் தேர்வு அலுவலகத்துக்கு மாறி வந்திருக்கிறேன். இதற்கு முன்பு மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருந்தேன். அடுத்த மாதம் இறுதியாண்டு முடிவுகளைத் தேர்வாளர் வாரியத்தின் முன் வைக்க வேண்டும். முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் வேறு துறைக்குப் போய்விட்டார். விட்டுப்போனது ஒரு பெரிய எக்செல் கோப்பு மட்டும்தான். எம்சிக்யூ (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்) தாள்கள், ஆஸ்கி (மாணவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) ஸ்டேஷன்கள், மொத்தம், தேர்ச்சி என்று பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது.

வாரியத்தில் பேராசிரியர்கள், மூத்த டாக்டர்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் எல்லாரும் இருப்பார்கள். அந்தக் கோப்பை அப்படியே திரையில் காட்டினால் போதுமா? பெயர் இருக்கலாமா? சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன, என்ன செய்வது? ஒருவருக்கு மொத்தம் 60.0 என்று தெரிகிறது, தேர்ச்சிக் கோடும் 60தான், ஆனால் பக்கத்துக் கட்டத்தில் ஃபெயில் என்று வருகிறது. ஒரு பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பு இதில் இருக்கிறது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் பரிமளா

மலர், அந்தப் பயம் நல்லதுதான், இருக்கட்டும். நான் இந்த வேலையில் நிறைய வருடம் இருந்தவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்செல்லைத் திறப்பதற்கு முன்னால் தேர்வு விதிகளை எடுத்துப் படியுங்கள். மொத்த மதிப்பெண் போதுமா, எழுத்துத் தேர்விலும் ஆஸ்கியிலும் தனித்தனியாகத் தேற வேண்டுமா, குறைந்தது இத்தனை ஸ்டேஷனில் தேற வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி நிபந்தனையைப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. சில ஸ்டேஷன்களில் பிரமாதமாகச் செய்தவர், மற்றவற்றில் நோயாளிக்கு ஆபத்து வரும் அளவுக்குத் தடுமாறினாலும் மொத்தத்தில் தப்பிவிடலாம், அதைத் தடுக்கத்தான். அந்த விதியை முடிவுத்தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். வாரியம் கூடுவது விதியைப் பொருத்திப் பார்க்க. முடிவைப் பார்த்த பிறகு விதியை யோசிக்க ஆரம்பித்தால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

உங்கள் 60.0 உள்ளே 59.96 போல ஏதாவது இருக்கும். திரை ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறது, சூத்திரம் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. எந்தக் கட்டத்தில், எத்தனை தசமத்துக்கு ரவுண்ட் செய்வது என்று விதியில் இல்லாவிட்டால் வாரியத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதே கேளுங்கள், அந்த மாணவரைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேளுங்கள். ரவுண்ட் செய்வது கடைசியில் ஒரே தடவைதான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ரவுண்ட் செய்து கூட்டினால் மொத்தம் நகர்ந்துவிடும்.

காலிக் கட்டத்தைச் சும்மா விடாதீர்கள். எக்செல்லின் சராசரிச் சூத்திரம் காலியை ஒதுக்கிவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். தேர்வுக்கு வராதவர், வந்தும் ஒன்றும் எழுதாதவர், தேர்வாளர் குறிக்காமல் விட்டது, டேப்லட்டிலிருந்து வந்து சேராதது என்று காலிக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அசல் தாளைத் தேடி எடுத்து, காரணத்தைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

அப்புறம், இரண்டு பட்டியலைச் சேர்க்கப் பெயரை நம்பவே நம்பாதீர்கள். நம் ஊரில் இது பெரிய தொல்லை. நம் பிள்ளைகளுக்கு எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்) ஒரு பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சீனப் பிள்ளைகளில் சிலருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், சிலருக்கு ஆங்கிலப் பெயர் அதற்கும் முன்னால் வரும். மலாய்ப் பிள்ளைகளுக்கு அதே பொருளில் வரும் 'பின்', 'பிந்தி' சில இடத்தில் விடுபட்டிருக்கும். தேர்வு எண்ணை மட்டும் வைத்துச் சேருங்கள். அதையும் டெக்ஸ்ட்டாக வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் பூஜ்யம் விழுந்துவிடும். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பெண்ணைத் தேடி எடுக்கும் எக்செல் சூத்திரமான வீலுக்கப் போட்டால் கடைசியில் ஃபால்ஸ் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அது வேறொருவருடைய மதிப்பெண்ணை எடுத்து வந்து வைத்துவிடலாம், பிழை என்றுகூடக் காட்டாது.

எம்சிக்யூவில் கேள்விவாரியான அலசல் கூட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் தப்பாகவும், கீழே இருப்பவர்கள் சரியாகவும் எழுதிய கேள்வி ஏதாவது இருந்தால் முதலில் விடைக் குறிப்பைச் சந்தேகியுங்கள். கேள்வி எழுதியவரிடம் காட்டுங்கள். குறிப்புதான் தப்பு என்றால் திருத்தி, எல்லாருக்கும் மறுபடி மதிப்பெண் போட வேண்டும். கேள்வியே சரியில்லை, நீக்கலாம் என்று முடிவானால் தேர்ச்சிக் கோடும் சேர்ந்து நகரும். பலர் கவனிக்காமல் தவறும் இடம் இது. ஆங்காஃப் முறையில் ஒவ்வொரு கேள்வியையும் எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவர்களில் எத்தனை பங்கு பேர் சரியாகச் செய்வார்கள் என்று நிபுணர்கள் மதிப்பிட்டு, அவற்றைக் கூட்டித்தான் கோடு போடுகிறார்கள். உதாரணத்துக்கு 120 கேள்விக்குக் கூட்டுத்தொகை 70.2 என்றால் கோடு 58.5 சதவீதம். அதில் 0.4 மதிப்பிட்ட ஒரு கேள்வியை எடுத்தால் 119 கேள்விக்கு 69.8, அதாவது ஏறக்குறைய 58.7 சதவீதம். பழைய 58.5ஐயே வைத்திருந்தால் அது யாரும் போடாத கோடு.

ஆஸ்கியில் பார்டர்லைன் ரிக்ரஷன் முறை இருந்தால் ஸ்டேஷனுக்கு ஒரு கோடு வரும். தேர்வாளர் மதிப்பெண்ணும் போடுகிறார், ஃபெயில், பார்டர்லைன், பாஸ், நன்று என்று மொத்தமாக ஒரு கணிப்பும் சொல்கிறார். கணிப்புக்கு எதிராக மதிப்பெண்ணை வரைந்து, பார்டர்லைன் இடத்தில் கோடு எந்த மதிப்பெண்ணைக் காட்டுகிறதோ அதுதான் தேர்ச்சி. இரண்டும் ஒத்துப்போகாத ஸ்டேஷனை வாரியத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலைச் சுற்று, மதியச் சுற்று என்று பிரித்தும் சராசரியைக் காட்டுங்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பெரிய கோப்பு வேண்டாம். முதல் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், முந்தைய ஆண்டுகளில் எப்படி, அவ்வளவுதான். அடுத்தது கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள். அருகில் என்றால் எவ்வளவு என்பதற்கு அளவீட்டுப் பிழை என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றிலிருந்து நம்பகத்தன்மை எண்ணை (தேர்வின் முடிவு எவ்வளவு சீரானது என்பதைக் காட்டுவது) கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) பெருக்க வேண்டும். விலக்கம் 6, நம்பகத்தன்மை 0.84 என்றால் பிழை 2.4. சில கல்லூரிகள் நோயாளியின் பாதுகாப்புக்காக இதைக் கோட்டோடு கூட்டிவிடுகின்றன. உங்கள் கல்லூரியின் கொள்கை என்ன என்று கேட்டு வையுங்கள். அதற்குப் பிறகு, தேறாத ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பக்கம். பெயர் வேண்டாம், தேர்வு எண் போதும்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தவர்களின் விவகாரத்தை அதற்கான குழு முன்கூட்டியே பார்த்திருக்கும். வாரியத்துக்குக் குழுவின் முடிவை மட்டும் கொண்டுபோங்கள். என்ன நோய் என்பது அந்த அறைக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை.

தோ பாயோ மருத்துவர்

பரிமளா அம்மா சொன்னதை ஏற்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவனாக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வார்டு ரவுண்டை முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வருகிறோம். தாளை முன்கூட்டியே அனுப்பினால் படித்துவிட்டு வருவோம், அங்கே கொடுத்தால் புரட்டத்தான் முடியும். பட்டியலைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள். பேச்சு தேறாதவர்களில்தான் தொடங்கும், அங்கேதான் நேரம் போக வேண்டும்.

ஒருவர் ஒரு ஸ்டேஷனில் விழுந்திருந்தால் எண் மட்டும் எங்களுக்குப் போதாது. தேர்வாளர் எழுதிய குறிப்பும் பக்கத்தில் வேண்டும். "மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால் விவாதம் தெளிவாகிவிடும். குறிப்பே இல்லாவிட்டால் தேர்வாளர் கடுமையாக இருந்தாரா என்ற கேள்வி எழும், பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார். ரொனால்ட் ஹார்டன் 1975இல் டண்டீயில் ஆஸ்கியை அறிமுகப்படுத்தியதே ஒரு தேர்வாளர், ஒரு நோயாளி என்ற அதிர்ஷ்டத்தில் மாணவரின் விதி தொங்கக் கூடாது என்றுதான். அந்த நோக்கம் முடிவுத்தாளிலும் தெரிய வேண்டும். குறிப்பு எழுதாத தேர்வாளர்களைத் தேர்வு நாளன்றே விடாமல் கேட்டு வாங்குங்கள். நாங்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

செங்காங் மலர்

பரிமளா அக்கா, டாக்டர், இருவருக்கும் நன்றி. இன்று காலிக் கட்டங்களுக்கு அசல் தாள்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். இன்னொரு கேள்வி. கூட்டத்தில் ஒருவருடைய மதிப்பெண்ணை மாற்றச் சொன்னால் அங்கேயே எக்செல்லில் மாற்றிவிடலாமா? முடிவு வெளியிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஈசூன் பரிமளா

அங்கேயே மாற்றக் கூடாது மலர். கூட்டத்துக்கு முந்தின நாள் கோப்பைப் பூட்டி ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். வாரியம் என்ன முடிவு செய்தது, ஏன் என்பது கூட்டக் குறிப்பில் வர வேண்டும். அதை வைத்துப் பிறகு நீங்கள் திருத்துங்கள், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஒரு ஸ்டேஷனின் கோட்டை இறக்கினால் அதே நிலையில் இருக்கும் எல்லாருக்கும் இறக்க வேண்டும். ஒருவருக்காகப் பேசும்போது மற்றவர்கள் யாருக்கும் நினைவு வராது. அப்போது "இதே நிலையில் இன்னும் இவர்களும் இருக்கிறார்கள்" என்று எண்களைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பேராசிரியர்கள் இருக்கிறார்களே என்று தயங்காதீர்கள்.

வெளியீடு வாரியம் உறுதி செய்த பிறகுதான். ஹவுஸ்மேன் பணிக்கு (படிப்பு முடித்ததும் மருத்துவமனையில் செய்யும் முதல் பணி) மருத்துவமனைகள் பட்டியல் கேட்டு எத்தனை அவசரப்படுத்தினாலும் அதற்கு முன் ஒரு பெயரும் வெளியே போகக் கூடாது. தேறாதவர்களுக்கு நண்பர்களின் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி போய்ச் சேரக் கூடாது. கல்லூரியிலிருந்து ஒருவர் முதலில் கூப்பிட்டுப் பேசட்டும், மறுதேர்வு எப்போது, யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகிற வழக்கத்தை நான் கடைசிவரை எதிர்த்தேன்.

இங்கே நம் சமூகம் சின்னது. கோயிலில் பார்த்தாலும் கேட்பார்கள், "என் அண்ணன் மகன் எழுதியிருக்கிறான், தேறிவிட்டானா என்று மட்டும் சொல்லேன்" என்று. தெரியும் என்றும் சொல்லாதீர்கள், தெரியாது என்றும் சொல்லாதீர்கள். சொல்ல முடியாது என்று ஒரே பதில். சொந்தத்தில் யாராவது தேர்வு எழுதியிருந்தால் இப்போதே மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

செங்காங் மலர்

என் சித்தப்பா மகள் இதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டுமா அக்கா?

ஈசூன் பரிமளா

சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை உங்கள் கணக்குக்குத் திறக்காதபடி செய்துதரவும் அதே கடிதத்தில் கேளுங்கள்.