குவாரி வெடிக்கும் அணு வெடிப்புக்கும் நிலநடுக்க மானியில் வித்தியாசம் தெரியுமா?

பர்கூர்க்காரன்:
எங்க பக்கம் ஜல்லிக் குவாரியில வெடி வச்சா ஊருக்குள்ள ஜன்னல் கடகடக்குது. சி.டி.பி.டி. (அணு வெடிப்புச் சோதனை எல்லாத்தையும் தடை பண்ற சர்வதேச ஒப்பந்தம்) படிக்கும்போது வந்த சந்தேகம்: ஒரு நாடு பூமிக்கடியில சின்னதா அணு சோதனை பண்ணிட்டு "குவாரி வெடி"ன்னு சாதிச்சா என்ன பண்றது? 1996-ல வந்த ஒப்பந்தம் இன்னும் ஏன் அமலுக்கு வரல?

அலைவரி:
அப்படிச் சாதிக்கிறது கஷ்டங்க. குவாரியில எல்லாக் குழியையும் ஒண்ணா வெடிக்கிறதில்ல. குழிக்குக் குழி சில பத்து மில்லி விநாடி டிலே கொடுப்பாங்க, அதனால அதிர்வு இழுத்துக்கிட்டு வரும். அணு வெடிப்பு ஒரே அடி.

அளவும் எட்டாது. 1 கிலோ டன்னுன்னா 1000 டன் டி.என்.டி. வெடிமருந்து; எந்த ஜல்லிக் குவாரியில அவ்வளவு மருந்து ஒரே தடவை போகுது? 2006-ல வட கொரியா வெடிச்சது 1 கிலோ டன்னுக்கும் கீழதான். அதுவே நிலநடுக்க அளவுல 4.1-ன்னு பதிவாச்சு.

நிலநடுக்கத்துல பாறை வழுக்கறதால எஸ் அலையும் (பாறையைப் பக்கவாட்டுல ஆட்டுறது) மேற்பரப்பு அலையும் பலமா வரும். வெடிப்புல பி அலைதான் (முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளுறது) ஓங்கி நிக்கும். ஆழம் 10 கிலோமீட்டரைத் தாண்டினா வெடிப்புங்கிற பேச்சே இல்ல.

தொப்பூர் கணவாய்:
ஒரு திருத்தம். பெரிய குகைக்குள்ள வெடிச்சா அதிர்வு அமுங்கிடும். 1966-ல அமெரிக்கா மிசிசிப்பி உப்புப் பாறைக் குழிக்குள்ள வெடிச்சுப் பார்த்தப்ப சுமார் 70-ல ஒரு பங்காக் குறைஞ்சது. அதனாலதான் காத்தையும் சோதிக்கிறாங்க. அணு வெடிப்புல உண்டாகுற கதிரியக்க வாயு செனான்-133 பாறை இடுக்கு வழியா கசியும். 2006 வெடிப்போடது கனடாவுல யெல்லோநைஃப் வரைக்கும் போய்ச் சிக்குச்சு. ஆனா அரை ஆயுள் 5 நாள் சொச்சம்தான். மருத்துவ ஐசோடோப் ஆலைகளும் அதையே கக்கறதால குழப்பம் வரும். 2009 சோதனையில செனானே சிக்கல.

அலைவரி:
சரிதான், குகையை விட்டுட்டேன். ஆனா அவ்வளவு பெரிய குகை தோண்டுற மண்ணை எங்க ஒளிப்பாங்க?

ஒகேனக்கல்:
ரெண்டாவது கேள்விக்கு வரேன். சிக்கல் 14-வது பிரிவுல. பேர் குறிச்ச 44 நாடும் உறுதிப்படுத்தினாதான் அமல். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே போடல. அமெரிக்கா, சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரேல் போட்டதோட சரி. அமெரிக்க செனட் 1999-ல தள்ளுபடியே பண்ணிடுச்சு. ரஷ்யா 2000-ல உறுதிப்படுத்தி 2023-ல வாபஸ் வாங்கிடுச்சு. ஆக 9 நாடு பாக்கி.

நேரடி ஆய்வு இதுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஒப்பந்தத்தோட 51 நாட்டு நிர்வாகக் குழுவுல 30 ஓட்டு விழுந்தா 1000 சதுர கிலோமீட்டர் வரைக்கும் இறங்கித் தேடலாம். ஆனா ஒப்பந்தம் அமலானாதான். அதுவரைக்கும் மானி காட்டும், ஆள் போக முடியாது.

பர்கூர்க்காரன்:
நம்ம கௌரிபிதனூர் நிலநடுக்க மையம் இந்த ஒப்பந்தத்தோட கண்காணிப்பு வலையில இருக்கா?

ஒகேனக்கல்:
இல்லங்க, இந்தியா கையெழுத்துப் போடலையே. 1965-லேர்ந்து அணு வெடிப்பைக் கவனிக்கற மையம் அது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடது. கர்நாடகாவுல, பெங்களூருக்கு வடக்க இருக்கு. உங்க ஊர் குவாரி வெடி அங்கயும் பதிவாகலாம்.