இந்த சீசனில் எங்கள் பேக்குகளும் கோலிகளும்

மன்னார்குடி பக்கம் மாசியில் நடந்த ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டியின் அரையிறுதியில் நாங்கள் வாங்கிய கோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும், ஒன்றுக்கு ஒன்று. எதிரணியின் கோலி, அதாவது கோல்கீப்பர், கையில் எடுத்து ஓங்கி உதைத்த பந்து நடு கிரவுண்டைத் தாண்டி வந்து எங்கள் பாக்ஸுக்கு வெளியே ஒரு குத்து குத்தி எழும்பியது. எங்கள் ஸ்டாப்பர், நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரர், பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார், எங்கள் கோலி முன்னால் வந்துகொண்டே இருக்கிறான். கோலி பிடித்துக்கொள்வான் என்று இவர் விட்டார், அண்ணன் தலையால் தட்டிவிடுவார் என்று அவன் நின்றான். நடுவில் அவர்கள் ஃபார்வர்டு காலை நீட்டினான், அவ்வளவுதான். பந்து உருண்டு போய் மூங்கில் போஸ்ட்டில் பட்டு உள்ளே போனது. மெதுவாகத்தான் போனது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்திலும் வாங்கிய கோல் எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். சீசன் முடிந்து போன வாரம் எடுத்துப் புரட்டினேன். மொத்தம் 16 கோல். அதில் 9 கோலுக்கு நேராக ‘யாரும் கூப்பிடவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் பட்டது, சேர்த்துப் பார்த்தபோதுதான் நெஞ்சில் அடித்தது. பசங்களுக்குக் கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, தைரியம் இருக்கிறது, குரல் மட்டும் இல்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்கு சைக்கிளில் போய்விடலாம். சம்பா அறுவடை முடிந்தால்தான் எங்களுக்கு கிரவுண்டு. அதிலும் அறுப்புக்குச் சில நாள் முன்பே பாதி வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், தெளிக்காத வயல் ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் அறுப்பு மெஷினின் பெல்ட் தடம் காய்ந்து கல்லாகிக் கிடக்கும், களிமண் வெடித்திருக்கும், உருண்டு வருகிற பந்து கடைசி நொடியில் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. இந்த மண்ணில் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடுகிறவனை டிவியில் பார்க்கிற பேக்கோடு வைத்து எடை போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். போதாக்குறைக்கு எங்கள் பக்கம் செவன்ஸில் ஆஃப்சைடு (கடைசி பேக்கைத் தாண்டி நிற்கிற ஃபார்வர்டுக்குப் பந்து கொடுத்தால் தப்பு என்கிற விதி) பார்ப்பது கிடையாது. பதினோரு பேர் ஆட்டம் என்றால் பேக்குகள் சேர்ந்து ஒரே லைனாக மேலே ஏறி ஃபார்வர்டை மாட்டவிடலாம். இங்கே எதிரணி ஆள் ஒருத்தன் ஆட்டம் முழுக்க நம் கோலியின் தோளை உரசிக்கொண்டே நிற்பான், அவனுக்காக நம் ஆள் ஒருத்தன் பின்னால் தங்கியே ஆக வேண்டும்.

சரி, ஆளுக்கு ஆள் வருகிறேன்.

4ம் நம்பர், ஸ்டாப்பர். அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தை கடைசியிலும் மாசியிலும் மெஷின் எந்த ஊருக்குப் போகிறதோ அவரும் அங்கே, இரவு ஆட்டத்துக்கு மட்டும் தூசியோடு பைக்கில் வந்து இறங்குவார். அப்படியும் இந்த சீசனில் தலைப்பந்து ஒன்றைக்கூட அவர் தோற்று நான் பார்க்கவில்லை. ஓட்டம் குறைந்துவிட்டது, அதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் பந்து வருவதற்கு முன்பே வருகிற இடத்தில் போய் நிற்கிற அறிவு இருக்கிறது, அது எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. கார்னர் என்றால் மேலே ஏறிப் போய்விடுவார். கேட்டால் 2018 மார்ச் 17 என்பார். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம், 9-வது நிமிடமே பெங்களூரு அணிக்கு சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார், நம் சென்னை அணியான ‘சென்னையின் எஃப்சி’யைத் தூக்கி நிறுத்தியது ஒரு ஃபார்வர்டு இல்லை, ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ், முதல் பாதியிலேயே தலையால் இரண்டு கோல். 3-2 என்று கோப்பை வந்தது. அந்த ஆட்டத்தை எங்கள் டீம் மொத்தமும் ஒரே வீட்டுத் திண்ணையில் டிவியை வைத்துப் பார்த்தோம். அன்றிலிருந்து இவருக்கு கார்னர் என்றால் ஒரு வேகம். குறை என்றால் ஒன்றுதான், தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்ல மாட்டார். அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அவர் மெஷினோடு போய்விட்ட நாளில் யாருக்கும் எதுவும் தெரியாமல் நிற்கிறார்கள்.

2ம் நம்பர், வலது பேக். காலேஜ் இரண்டாம் வருடம். இந்த வட்டாரத்தில் இவனைவிட வேகமான பேக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் படுத்து டேக்கிள் போடுகிற பழக்கம். புல் தரையில் சரி, தாள் அடி குத்திக்கொண்டு நிற்கிற வயலில் படுத்தால் தொடை முழுக்கக் கிழிந்துவிடுகிறது, பந்து கிடைக்காவிட்டால் எழுந்து ஓடவும் முடியாது. படுக்காதே, காலில் நில்லு, அவனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போ என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். இன்னொன்று, அவசரத்தில் பந்தைக் கோலிக்குத் திருப்பி உதைத்துவிடுகிறான். 1992க்கு முன்னால் என்றால் கோலி அதைக் கையில் அள்ளிக்கொள்ளலாம், நான் சின்னப் பையனாக இருந்தபோது அண்ணன்மார்கள் ஒரு கோல் முன்னால் இருந்தால் கோலிக்குத் தட்டித் தட்டியே நேரத்தை ஓட்டிவிடுவார்கள். இப்போது தன் ஆள் காலால் வேண்டுமென்றே கொடுத்ததைக் கையில் எடுத்தால் அந்த இடத்திலேயே எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொரு ஆள் தொட்ட பிறகே கோல் ஆகிற உதை. பங்குனியில் ஒரு ஆட்டத்தில் சரியாக இப்படித்தான் நடந்தது, கோலிக்கு ஆறடி முன்னால் பந்தை வைத்து உதைத்தார்கள், எல்லோரும் லைனில் போய் நின்றும் தடுக்க முடியவில்லை. கோலியைத் திட்டினார்கள். தப்பு பாதிக்குமேல் 2ம் நம்பருடையது, கொடுக்கும்போது ‘காலு, காலு’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

3ம் நம்பர், இடது பேக். ஒழுங்கான பையன், கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்துக்கும் வந்தான். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கோலிகள். முதல் கோலி உயரமானவன், கை நீளம், கிட்டத்தில் அடிக்கிற பந்தை அவன் தட்டுவதைப் பார்த்தால் நமக்குக் கை கூசும். தை மாதத்து இரவு ஆட்டத்தில் பனி இறங்கிப் பந்து சோப்பு மாதிரி வழுக்கும், அந்தப் பந்தையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தவன். ஆனால் பேசவே மாட்டான். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் கோலி பீட்டர் தங்கராஜ் பற்றிப் பேசாமல் ஒரு நாளும் கிரவுண்டை விட்டுப் போக மாட்டார், அவரும் இவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டார்: ‘கோலிக்குத்தாண்டா மொத்த கிரவுண்டும் முகத்துக்கு நேரே தெரியும், தெரிஞ்சதைச் சொல்லு.’ தலையை ஆட்டுவான்.

இரண்டாவது கோலி 17 வயது, குள்ளம். அப்பாவோடு வாத்து மேய்க்கப் போகிறவன். அறுத்த வயலில் வாத்து பரவி மேயும்போது வரப்பில் நின்று நாலு வயல் தாண்டிக் குரல் கொடுத்துத் திருப்புகிற பையன், அந்தத் தொண்டையைக் கிரவுண்டுக்கும் கொண்டுவந்தான். ‘என்னுது!’ ‘ஆளு வர்றான்!’ ‘தூக்கி அடிண்ணே!’ ‘மூணு, உள்ள வா!’ இந்த நாலு வார்த்தைதான், விசிலிலிருந்து விசில் வரை. சித்திரைத் திருவிழாப் போட்டியில் பெரியவனுக்கு விரல் பிசகி இவனை இறக்கினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கால்மணி நேரத்தில் எங்கள் பேக்குகள் வேறு ஆட்கள் மாதிரி ஆடினார்கள். 2ம் நம்பர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. ஸ்டாப்பரே தலையைத் திருப்பி அவன் சொன்னதைக் கேட்டு நகர்ந்ததைப் பார்த்தேன்.

கோல் இல்லாமல் முடிந்து டைபிரேக்கர், அதாவது பெனால்டி கிக்குகளுக்குப் போனது. அவர்களுடைய மூன்றாவது கிக்கை இவன் வலது பக்கம் பாய்ந்து தட்டினான், எங்கள் ஆட்கள் உள்ளே ஓடிவிட்டார்கள், ரெஃப்ரி கையைத் தூக்கித் திரும்ப அடிக்கச் சொன்னார். உதைக்கிற நொடியில் கோலியின் ஒரு காலாவது லைனில் இருக்க வேண்டும், 2019லிருந்து விதி அதுதான். எங்கள் ஆட்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட, இந்தப் பையன் உள்ளே புகுந்து, ‘ஆமா சார், ரெண்டு காலும் முன்னாடி வந்துருச்சு’ என்றான். திரும்ப அடித்ததில் கோல். ஐந்தாவது கிக்குக்கு அவன் இடது குதிகாலை லைனின் சுண்ணாம்பில் ஊன்றி வைத்துக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், பந்து போன பிறகும் அந்தத் தடம் அப்படியே இருந்தது. முழங்காலுக்குக் கீழே பட்டு வெளியே போனது. 4-3. அரையிறுதியில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள்.

அடுத்த சீசனுக்கும் பெரியவன்தான் முதல் கோலி. ஆனால் குரல் கொடுக்காமல் பந்தைத் தொட்டால் பயிற்சியில் அது எதிரணிப் பந்து என்று வைக்கப்போகிறேன், எல்லோருக்கும். உங்கள் டீமில் எப்படி, நடந்ததை எழுதுங்கள்.

காரைக்காலிலிருந்து ஒரு ஃபார்வர்டு:

அண்ணே, பங்குனி ஆட்டத்தில் உங்களுக்கு எதிராக ஆடினவன் நான். கோலி பக்கத்திலேயே நிற்கிற ஆள் என்று எழுதியிருக்கீங்களே, அது நான்தான், எங்கள் டீமில் எனக்கு அதுதான் வேலை. உங்கள் 4ம் நம்பரைப் பற்றிச் சொன்னது சரி, தலைப்பந்து அவரிடம் கிடைக்காது, அதனால் நாங்கள் உயரப் பந்தே போடவில்லை. 2ம் நம்பர் வேகம், ஆனால் ஒரு தடவை ஏமாற்றினால் தரையில் கிடப்பான்.

என்னை அன்றைக்கு ஆடவிடாதது உங்கள் 3ம் நம்பர். நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், அது எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்னைத் தொடவே இல்லை, இழுக்கவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. எனக்கும் பந்துக்கும் நடுவில் எப்போதும் அரை அடி முன்னால் நின்றான். நான் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். இடைவேளைக்கு அப்புறம் எங்கள் ஆட்கள் என் பக்கம் பந்து போடுவதையே நிறுத்திவிட்டார்கள். பந்தே வராத பேக்கை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் அது அவன் செய்த வேலை. ஃப்ரீ கிக்கில் வந்த அந்த ஒரு கோல் தவிர எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கோலி:

நான் காலேஜ் பெண்கள் டீமில் கோலி, அன்னை சத்யா ஸ்டேடியத்தில் பயிற்சி. குரல் விஷயம் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது. வீட்டில் சத்தமாகப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவள் நான், கிரவுண்டில் சீனியர் அக்காவைப் பார்த்து ‘தள்ளு’ என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. பெயரோடு ‘அக்கா’ சேர்த்துக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பந்து வந்துவிடும். அப்புறம் அந்த அக்காவே ஒரு நாள் சொன்னார், கிரவுண்டுக்குள்ளே நம்பரைச் சொல்லிக் கூப்பிடு, வெளியே வந்து அக்கா சொல்லு என்று. அன்றிலிருந்து சரியாகிவிட்டது. உங்கள் பெரிய கோலிக்கும் ஸ்டாப்பர் வயதில் மூத்தவர் என்கிற தயக்கம் இருக்கலாம் அண்ணா, கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். 2025 ஜூலையிலிருந்து கோலி பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். முன்பு 6 விநாடி, இண்டைரக்ட் ஃப்ரீ கிக், ஆனால் அதை யாரும் கறாராகப் பார்த்ததில்லை. இப்போது கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். நான் முதல் தடவை மாட்டிக்கொண்டேன். பேக்குகள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு மேலே ஓடிப் போய்விட்டார்கள், உருட்டிவிடக்கூட ஆள் இல்லை. பந்து கோலி கையில் இருக்கும்போது ஒரு பேக்காவது திரும்பி நின்று ‘குடு’ என்று கேட்க வேண்டும்.

முதலில் எழுதியவர்:

காரைக்கால் தம்பிக்கு நன்றி. நோட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். 16 கோலில் இடது பக்கம் வழியாக வந்தது ஒன்றுதான், அன்று 3ம் நம்பர் காய்ச்சலில் வரவில்லை. இத்தனை நாள் இதை நான் பார்க்காமல் போனது பெரிய தப்பு.

தஞ்சாவூர்ப் பெண் சொன்னதைப் பெரிய கோலியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவரு எனக்கு மாமா முறைண்ணே, எப்படிண்ணே நகருன்னு கத்துறது’ என்றான். நாலு வருடமாக இவனைப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன். இனி கிரவுண்டில் அவர் வெறும் 4 என்று ஸ்டாப்பரை வைத்தே சொல்லவைத்துவிட்டேன்.

3ம் நம்பரிடம் காரைக்கால் தம்பி எழுதியதைப் போனில் காட்டினேன். வரப்பில் நின்றபடியே இரண்டு தடவை படித்தான். ‘அந்த ஏழாம் நம்பராண்ணே? நல்லா ஆடுவாரு, இடது காலைத்தான் முதல்ல எடுத்து வைப்பாரு’ என்றான். போனைக் கொடுத்துவிட்டு நாற்றங்காலுக்கு மோட்டார் போடப் போய்விட்டான்.