புதுப்பிப்பு: பட்டை இரும்புக் களைவெட்டி, மழைக்குப் பிறகு

மூங்கில் கம்பின் நுனியில் பட்டை இரும்பை வளையமாக மாட்டிச் செய்த களைவெட்டியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மழை விட்டதும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டீர்கள், அதற்குத்தான் இது.

ராமநாதபுரம் கடலோரத்துத் தேவிபட்டினம் பக்கத்து மணலில் ஜோராகப் போகிறது. வளையத்தின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் தீட்டியிருப்பதால் தள்ளினாலும் வெட்டும், இழுத்தாலும் வெட்டும். விரற்கடை ஆழம் போதும், குனியவே வேண்டாம். முண்டு மிளகாய் வரிசைகளுக்கு நடுவே காலையில் ஓட்டிவிட்டால், நல்ல வெயிலில் இளங்களை மதியத்துக்குள் சுருண்டுவிடுகிறது. கண்மாய்ப் பக்கத்துக் களிமண்ணில் மட்டும் ஈரத்தில் அப்பிக்கொள்ளும். அங்கே பழைய களைக்கொத்துதான்.

கோரை வேறு கதை. மேலே அறுத்தால் அடியிலிருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும். துளிர்க்கத் துளிர்க்க அறுத்தால் கிழங்கு சோர்ந்துபோகும், ஆனால் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? எங்கள் அத்தை பண்ணரிவாள் முனையால் கிழங்கோடு கிளறி எடுத்து வெயிலில் காயப்போடுகிறார். சின்னத் தோட்டத்துக்கு அதுதான் சரி.

அப்புறம், துரு. உப்புக் காற்று இரும்பை விடாது. வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டித் துடைத்து, வேப்பெண்ணெய் தொட்ட துணியால் ஒரு தேய். வளையத்தைக் கம்பில் மாட்டும் போல்ட்டை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.