கோமாளி மீன் குஞ்சுகள் பத்து நாளைத் தாண்டுவதில்லை: எதைக் கவனிக்க வேண்டும்?

நெய்தல்வாசி (களியக்காவிளை):

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் வளரும் ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி, சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டின்மேல் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முட்டையிடுகிறது. ஆண் மீன் துடுப்பால் விசிறியும் வாயால் துடைத்தும் முட்டைகளைக் காக்கிறது. ஒரு வாரம் கழிந்ததும், விளக்கணைத்த சற்று நேரத்தில் குஞ்சுகள் வெளிவந்துவிடுகின்றன. அதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் குஞ்சுகளில் பெரும்பகுதி மூன்றாம் நான்காம் நாளிலேயே இறந்துவிடுகின்றன. தப்பிப் பிழைப்பவையும் பத்தாம் நாளையொட்டி, உடலில் வெள்ளைப் பட்டை தெளியத் தொடங்கும் வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக அடித்தட்டில் விழுந்து கிடக்கின்றன.

உணவாக ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியைக் கொடுக்கிறேன். அதை வாளியில் ஈஸ்ட் கரைத்து ஊற்றி வளர்க்கிறேன். குஞ்சுத் தொட்டி நாற்புறமும் தெளிந்த கண்ணாடி, மேலே டியூப் லைட். கடல்நீரைத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கேன்களில் கொண்டுவருகிறேன். உணவு, நீர், வெளிச்சம் ஆகிய மூன்றில் எதிலிருந்து திருத்தத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தாய்மீன் தொட்டியில், கோமாளி மீன்கள் கடலில் அண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாதது ஒரு காரணமாக இருக்குமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பொரிப்பகத்து அண்ணாச்சி (விழிஞ்ஞம்):

தம்பி, நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; முதல் கட்டத்தில் இறப்பதற்கும் பிந்தைய கட்டத்தில் இறப்பதற்கும் காரணங்கள் வெவ்வேறு. கடல் சாமந்தியை இப்போதைக்கு மறந்துவிடலாம். அது இல்லாமலேயே கோமாளி மீன்கள் ஓட்டிலும் பூந்தொட்டியிலும் முட்டையிட்டுக் காலாகாலமாகப் பெருகி வருகின்றன.

பொரித்து வரும் குஞ்சு 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சள் கரு வெகு விரைவில் தீர்ந்துவிடும். அதற்குள் அது இரையைக் கண்டு, பிடித்து, விழுங்கப் பழகியிருக்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் கூட்டமாகச் சாகிறது என்றால், பெரும்பாலும் அது பசியால் சாகிறது. தொட்டியில் ரோட்டிஃபர் ஊற்றியிருக்கிறோம் என்பதாலேயே குஞ்சு தின்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. நீர் முழுவதும் பரவலாக, ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 வரை ரோட்டிஃபர் எப்போதும் இருந்தால்தான், நீந்தத் தடுமாறும் அந்த உயிருக்கு வாய்க்கெட்டிய தூரத்தில் இரை கிடைக்கும். ஊசி இல்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் தொட்டி நீரை உறிஞ்சி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெண்மணல் துகள்போல நகரும் புள்ளிகளை வெறுங்கண்ணாலேயே எண்ணிவிடலாம். குஞ்சு உண்ணுகிறதா என்பதையும் கண்ணால் பார்க்க முடியும்: இரையைக் கண்டதும் உடலை வில்லாக வளைத்து, ஒரு கணம் நின்று, பிறகு சடாரென்று பாயும். இந்தப் பாய்ச்சலை இரண்டாம் நாளில் பார்க்காவிட்டால் உணவின் அடர்த்தியையோ வெளிச்சத்தையோ உடனே சரிசெய்ய வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். தெளிந்த கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளியை நோக்கிக் குஞ்சுகள் முட்டி மோதி, தின்ன வேண்டிய நேரத்தையும் உடலிலுள்ள சிறிதளவு வலுவையும் இழக்கின்றன. விளக்கு மங்கலாக, மேலிருந்து மட்டும் வரட்டும். நானோகுளோரோப்சிஸ் என்னும் நுண்பாசியை, நீர் இளம்பச்சையாகும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டால் ஒளி பரவலாகும். ரோட்டிஃபரும் தொட்டிக்குள்ளேயே அந்தப் பாசியைத் தின்று ஊட்டத்தோடு இருக்கும்.

பத்தாம் நாள் இறப்புக்கு வருகிறேன். இங்கே எனக்கு ஐயம் முழுவதும் அந்த ஈஸ்ட் வாளியின் மீதுதான். ஈஸ்டை மட்டும் தின்ற ரோட்டிஃபர் எண்ணிக்கையில் பெருகும். ஆனால் கடல்மீன் குஞ்சுக்கு இன்றியமையாத டி.ஹெச்.ஏ., ஈ.பி.ஏ. என்னும் கொழுப்பு அமிலங்கள் அதன் உடலில் அற்பமாகவே இருக்கும். அத்தகைய இரையைத் தின்ற குஞ்சு வளர்வதுபோலத் தோன்றினாலும், உருமாற்றம் நிகழும் எட்டாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், உடல் புதிதாகக் கட்டப்படும்போது தாங்காமல் விழுந்துவிடும். விளக்கைச் சட்டென்று போட்டாலே துடித்து இறப்பதும் இந்தக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். நானோகுளோரோப்சிஸில் ஈ.பி.ஏ. நிறைய உண்டு, டி.ஹெச்.ஏ. குறைவு, ஐசோகிரைசிஸ் என்னும் பாசியில் டி.ஹெச்.ஏ. உண்டு. இரண்டையும் கலந்து கொடுங்கள். அல்லது கடையில் கிடைக்கும் ஊட்டக் கரைசலில் ரோட்டிஃபரைச் சில மணி நேரம் விட்டுவைத்த பிறகு கொடுங்கள். ஈஸ்டைக் கைவிட முடியாவிட்டாலும், குஞ்சுக்குப் போகும் முன் கடைசி உணவாவது பாசியாக இருக்கட்டும்.

இன்னொன்று: வாளி நீரை அப்படியே குஞ்சுத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அந்த நீரில் அம்மோனியா நிறைந்திருக்கும். 50 மைக்ரான் கண்ணுள்ள வலைத்துணியில் வடித்து, சுத்தமான உப்புநீரில் அலசி, ரோட்டிஃபரை மட்டும் சேர்க்க வேண்டும்.

பூவார் டீச்சர்:

அண்ணாச்சி உணவைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டதால் நான் நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் நெய்யாறு கடலில் கலப்பதுபோல, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கலக்கிறது. இடவப்பாதி மழை தொடங்கியது முதல் ஐப்பசி கார்த்திகை மழை ஓயும் வரை, முகத்துவாரத்தை ஒட்டி அள்ளும் நீர் பார்வைக்குக் கடல்நீராக இருந்தாலும் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்; மேட்டு நிலத்துச் செம்மண்ணும், ரப்பர் வாழைத் தோட்டங்களில் தெளித்த மருந்தும் அதோடு வந்து சேரும். முகத்துவாரத்திலிருந்து நன்றாக விலகிய பாறைக் கரையில், நல்ல கடலேற்றத்தின்போது, மழை ஓய்ந்து சில நாள் கழிந்த பிறகு எடுத்த நீரே ஏற்றது. எடுத்த இடத்திலேயே உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, ஆயிரத்துக்கு 33 முதல் 35 பங்கு உப்பு இருந்தால் மட்டும் கேனை நிரப்புங்கள். மழைக்காலம் முழுவதற்கும் வேண்டிய நீரை மாசி பங்குனியிலேயே எடுத்து, வெளிச்சம் படாத மூடிய தொட்டியில் சேமித்துவிடுவது என் வழக்கம்.

கடலிலிருந்து வந்த நீரில் ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் இரைகொல்லி நுண்ணுயிர்களும் இருக்கும் என்பதால், அதைக் குஞ்சுத் தொட்டிக்கு நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். முதலில் துணியிலும் மணலிலும் வடிகட்டுங்கள். பிறகு 200 லிட்டர் நீருக்கு, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 7 கிராம் என்ற கணக்கில் கரைத்து, தெளிந்த கரைசலை மட்டும் சேர்த்து ஓர் இரவு விட்டுவையுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு நாள் பலமாகக் காற்றூட்டி, எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்ஃபேட்டால் நீக்கி, நீச்சல்குளச் சோதனைச் சொட்டுமருந்தில் நிறம் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே பயன்படுத்த வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் செயற்கைக் கடலுப்பை வாங்கி, வடித்த நீரில் கரைத்துக்கொள்ளலாம். செலவு கூடும், ஆனால் நீரின் தன்மை மாறாது. சமையல் உப்பு இதற்கு உதவாது; மக்னீசியம், கால்சியம் முதலியவை அதில் உரிய அளவில் இல்லை.

அம்மோனியா இங்கே நன்னீர்த் தொட்டியைவிடக் கொடியது. கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருப்பதால், அம்மோனியாவின் நச்சு வடிவப் பங்கு அதில் கூடுதல். குஞ்சுத் தொட்டியில் பெரிய வடிப்பான் வைத்தால் குஞ்சுகளே உறிஞ்சப்பட்டுவிடும். எனவே காற்றுக்குழாய் போன்ற மெல்லிய குழாயால் அடித்தட்டிலுள்ள இறந்த குஞ்சுகளையும் கசடையும் நாள்தோறும் இழுத்து எடுத்துவிட்டு, அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மின்தடைக்கு ஒரு பேட்டரி காற்றடிப்பான் கட்டாயம் வேண்டும். ஐப்பசி இடிமழை இரவில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நெய்தல்வாசி:

அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் மிக்க நன்றி. கறுப்புத் தாள் இன்றே ஒட்டிவிட்டேன். மேலும் சில ஐயங்கள். ரோட்டிஃபர் வாளி திடீரென்று ஒரே இரவில் வெறுமையாகிவிடுகிறது. இதைத் தடுப்பது எப்படி? ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளை எந்த நாளில் கொடுக்கத் தொடங்க வேண்டும்? கோமாளி மீனின் முட்டைகள் ஒட்டியுள்ள ஓட்டுத் துண்டைத் தாய்மீன் தொட்டியிலேயே விட்டுவிடலாமா? இது கைவந்த பிறகு நீல டாங் மீனையும் முயன்று பார்க்க ஆசை இருக்கிறது. அது வீட்டில் நடக்கக்கூடியதா?

பொரிப்பகத்து அண்ணாச்சி (விழிஞ்ஞம்):

ரோட்டிஃபரைத் தயிருக்கு உறை எடுத்துவைப்பதுபோலவே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாத்திரத்தை நம்பினால் ஒரு நாள் உறைக்கே வழியில்லாமல் போகும். இரண்டு மூன்று வாளிகளில், ஒரே கரண்டியோ குழாயோ புழங்காமல் தனித்தனியே வளருங்கள். நாள்தோறும் நான்கில் ஒரு பங்கை அறுவடை செய்து, அந்த அளவு புதுநீரையும் பாசியையும் சேர்த்துவந்தால் நீர் கெடாமல் இருக்கும். அறுவடை செய்யாமல் விட்டதனால் அழிந்த வாளிகளே அதிகம். சாதாரண உருப்பெருக்கியில் பார்த்தால் நலமாக உள்ள ரோட்டிஃபரின் பின்பக்கத்தில் முட்டை தொங்குவது தெரியும். முட்டை சுமப்பவை குறைந்துவிட்டால் அந்த வாளி சரியப்போகிறது என்று தெரிந்துகொண்டு, அன்றே புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும்.

கோமாளி மீனின் முட்டை முதலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும், பிறகு கறுக்கும், கடைசியில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னும். அந்த மின்னலைப் பார்த்த மாலையே ஓட்டைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுத் தொட்டியைத் தாய்மீன் தொட்டியின் நீராலேயே நிரப்பியிருந்தால் அதிர்ச்சி இராது. ஓட்டை நீருக்குள்ளேயே பாத்திரத்தில் வாங்கி எடுத்து, முட்டைகளின்மேல் மெல்லிய நீரோட்டம் படும்படி அடியில் காற்றுக்கல் வையுங்கள். தந்தை விசிறிய வேலையை அது செய்யும். முழு இருட்டாக்கிவிட்டால் அன்றிரவே பொரித்துவிடும்.

ஆர்ட்டீமியாவை ஐந்தாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில், குஞ்சின் வாய்க்கு அடங்குகிறதா என்று பார்த்து, மிகச் சிறிதாகத் தொடங்கலாம். ரோட்டிஃபரைச் சட்டென்று நிறுத்தாமல் சில நாள் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஆர்ட்டீமியாவை அது பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அது தன் கருவைத் தானே செலவழித்துச் சத்தில்லாமல் போய்விடும். ஆர்ட்டீமியாவின் முட்டை ஓடுகள் கலக்காமல் பிரித்தெடுப்பது மிக முக்கியம், அவை குஞ்சின் குடலை அடைத்துவிடும்.

நீல டாங்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், அது வீட்டு வேலை அன்று. அதன் முட்டைகள் ஓட்டில் ஒட்டாமல் நீரில் மிதப்பவை, குஞ்சின் வாயோ ரோட்டிஃபர்கூட நுழையாத அளவு சிறியது; கோப்பிபாடு என்னும் நுண்ணிய கடலுயிரிகளின் இளம்புழுக்களை இடைவிடாமல் வளர்த்துத் தர வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் 2016-இல்தான் அதை வெற்றிகரமாக வளர்த்துக் காட்டியது.

முட்டம் அக்கா:

தாய்மீன்களின் உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். முட்டையில் இல்லாத சத்தைப் பிறகு குஞ்சுக்கு ஊட்டி ஈடுகட்டுவது கடினம். குளிகை உணவை மட்டும் நம்பாமல், இறால், கணவாய், அவித்த சிப்பி இறைச்சி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி மாற்றி மாற்றிக் கொடுங்கள். நம் கரையில் சிப்பிக் காலம் வரும்போது வாங்கி, ஓடு நீக்கி உறையவைத்துக்கொண்டால் பல மாதம் வரும். ஒரு கடி அளவாகக் கொடுத்து, மீந்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

அடுத்த மீனாக எதைத் தேர்வது என்றால், டாங்குக்குப் பதிலாக பங்காய் கார்டினலைப் பரிந்துரைக்கிறேன். இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் இம்மீன், அலங்கார வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது; எனவே வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் கடலிலிருந்து ஒன்றைப் பிடிக்கும் தேவையைக் குறைக்கிறது. ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாத்து, முழு வடிவம் பெற்ற குஞ்சுகளாகவே வெளிவிடும். எண்ணிக்கை சில பத்துதான் என்றாலும், அவை முதல் நாளிலேயே ஆர்ட்டீமியா தின்னும். ரோட்டிஃபர் வாளியே தேவைப்படாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். தொட்டி அழகுக்காகக் கடலிலிருந்து பவளக் கல்லோ கடல் குதிரையோ யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் 2001 முதல் இவை இருக்கின்றன. நன்மைசெய்யும் பாக்டீரியா குடியேற மண்பாண்டத் துண்டுகளும் பீங்கான் வளையங்களும் போதும்.

பொரிப்பகத்து அண்ணாச்சி (விழிஞ்ஞம்):

அக்கா சொன்னதை முழுமனதோடு ஆமோதிக்கிறேன். தம்பி, நானோகுளோரோப்சிஸ், ஐசோகிரைசிஸ் இரண்டின் தூய விதை வளர்ப்பும் என்னிடம் இருக்கிறது. இங்கே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருப்பதால், வரும்போது அங்கும் விசாரித்துக்கொள்ளலாம். அடுத்த முட்டை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதே வாருங்கள். பாசி தேறி ரோட்டிஃபர் பெருகச் சில நாள் வேண்டும், வெள்ளிக் கண் தெரிந்த பிறகு வந்தால் நேரம் போதாது. கொதிநீரில் கழுவி உலர்த்திய 2 லிட்டர் புட்டிகள் இரண்டு எடுத்துவாருங்கள், இரண்டு பாசிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.